ஏழு பேர் ஏறிய படகு

ஏப்ரல் 8

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. பதில் சொல்கிற மனநிலையில் நீயும் இருக்கமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீ குறுக்கே பாய்வாய், ஐந்தாவது வாக்கியத்தில் நான் போனை வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அப்பா இனிமேல் என் வீட்டில்தான் இருப்பார். அவருடைய நாலாவது மாடி வீட்டை இந்த மாதம் முப்பதாம் தேதியோடு காலி செய்கிறேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. முப்பதாம் தேதி சாவியைக் கையில் கொடுத்தால் முடிந்தது. அங்கே உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்குள் வந்து எடுத்துக்கொள். அம்மாவின் தையல் மெஷினை நீ வைத்துக்கொள்வதுதான் நியாயம். நாற்பது வருஷ லிஃப்ட் மெக்கானிக் வேலையில் அப்பா சேர்த்து வைத்திருக்கிற கம்பிச்சுருள், பல்சக்கரம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவேன்.

ஏன் என்று நீ கேட்கமாட்டாய், கத்துவாய். இருந்தாலும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். உள்ளே வைத்த பஞ்சு எத்தனை, வெளியே எடுத்தது எத்தனை என்று நான் எண்ணி, "சரி" என்று சொன்ன பிறகுதான் டாக்டர் தையல் போடுவார். ஒரு தடவைகூட என் எண்ணிக்கை தப்பியதில்லை. அன்றைக்கு அந்தக் கால்வாய் நகரத்தில் படகு கிளம்பும்போதும் நான்தான் எண்ணினேன். சரியாக இருந்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? அப்பா படகில் ஏறியிருக்கிறார். நான் எண்ணிய பிறகு, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் இறங்கிப் போயிருக்கிறார். எழுபத்து மூன்று வயது மனிதர், நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊரில்.

"ஏம்ப்பா இறங்கினீங்க?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "தெரியலைம்மா" என்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஞாபக மறதி பார்க்கிற டாக்டரிடம் அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறேன். தனியாக ஒரு வீட்டில், கேஸ் அடுப்போடு, இப்படிப்பட்டவரை விட முடியாது.

முப்பதாம் தேதிக்குள் வா.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

திரைச்சீலை ஆர்டர் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் யாருடையதோ படுக்கையறை ஜன்னல் அளவு இருக்கும், கண்டுகொள்ளாதே. கோபமாக இருக்கும்போது துணியை வெட்டக் கூடாது என்பது என் கடைச் சட்டம். அதனால் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

"சொல்லியாகிவிட்டது." யாரைக் கேட்டுக்கொண்டு சொன்னாய்? அப்பாவைக் கேட்டாயா? என்னைக் கேட்க வேண்டாம், நான் சின்னவள், எனக்கு ஒன்றும் தெரியாது, சரி. அவர் வீடு அது. அவர் சம்பாத்தியத்தில் வாடகை கொடுத்து, அம்மா போன பிறகும் தன் துணியைத் தானே துவைத்து, தன் சாப்பாட்டைத் தானே செய்து இருக்கிற வீடு. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றால் ஏழு மாடிக்காரர்களும் கம்பெனிக்கு போன் பண்ணுவதில்லை, அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். அங்கிருந்து பிடுங்கி உன் வீட்டு ஹால் சோபாவில் உட்கார வைத்திருக்கிறாய்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அந்த டாக்டரிடம் உனக்கும் ஒரு டோக்கன் வாங்கிக்கொள்.

மதியம் பன்னிரண்டு மணி. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே அந்த மதகு. முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய கல்தொட்டி. படகு உள்ளே போகிறது, கதவை மூடுகிறார்கள், தண்ணீர் ஏறுகிறது, படகும் ஏறுகிறது, மேல் கால்வாயில் விடுகிறார்கள். அப்பா குழந்தை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்தார். "இது லிஃப்ட்டுதாண்டி! தண்ணி தூக்குற லிஃப்ட்டு! கம்பியும் இல்லை மோட்டாரும் இல்லை பாரு!" இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு படகு ஏறி முடிக்கிற வரை நிற்கலாமா என்று மூன்று முறை கேட்டார். உன் அட்டவணையில் மதகுக்குப் பதினைந்து நிமிஷம்தான் போட்டிருந்தது. "அப்பா, வாங்க. படகு போயிடும்." அவருடைய போனையும், தண்ணீரில் விழுந்துவிடும் என்று, உன் கைப்பையில் வாங்கி வைத்திருந்தாய்.

எதிர்த் தீவில் இறங்கினோம். நீ கோபுரம் என்றாய், நான் பழைய துணிக் கிடங்கு என்றேன். "உன்கூட வந்தா ஒரு இடமும் பார்த்து முடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அத்தானையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நீ ஒரு பக்கம் போனாய். நானும் இவரும் வாண்டும் ஒரு பக்கம் போனோம். அப்பா உன்னோடு இருக்கிறார் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறார் என்று நீ நினைத்தாய். நாலு மணிக்கு நீரூற்றுக்குப் பக்கத்தில் சந்தித்து, "அப்பா எங்கே?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது எங்கே இருந்தார்? மதகை இயக்குகிற அம்மாவின் அறையில், ஸ்டூலில் உட்கார்ந்து, கையெல்லாம் கறுப்பு கிரீஸோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். நீ என்ன செய்தாய்? "அறிவிருக்கா உங்களுக்கு? சின்னப் பிள்ளையா நீங்க?" என்று ஊரே கேட்கிற மாதிரி கத்தினாய். அந்த அம்மா முன்னால், படகுக்காரர்கள் முன்னால். அவர் பாதி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு உன் பின்னால் நடந்தார்.

நான் சொன்னதையும் மறைக்கவில்லை. "உனக்கு அப்பா வேணாம், ஒரு நோயாளி வேணும்" என்று சொன்னேன். மறுநாள் காலை ரயிலில், இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே, அவரையும் கூட்டிக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய். சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்தச் சாவியைக் கொடுக்காதே, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன் என்றுகூட வைத்துக்கொள். எனக்குத் தையல் மெஷின் வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. காட்டினால், "ரெண்டு பேரும் அம்மாவை உரிச்சு வச்சிருக்கீங்க" என்று சிரிப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீ எழுதியது எல்லாம் அழகாக இருக்கிறது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினால் யாருக்கும் அழகாகத்தான் வரும். போன வருஷம் அவருக்கு நிமோனியா வந்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் யார் இருந்தது? டியூட்டி முடிந்து அப்படியே மாடி மாறிப் போய் அவர் கட்டிலுக்குக் கீழே படுத்தவள் நான். நீ ஒன்பதாம் நாள் வந்தாய், கதை சொன்னாய், சிரிக்க வைத்தாய், பன்னிரண்டாம் நாள் போனாய். இன்றைக்கும் அவர், "அவ வந்ததும்தான் எனக்குக் காய்ச்சல் விட்டுச்சு" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறார். இதைப் பத்து மாதமாக யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

நோயாளி வேணும் என்றாயே. நீரூற்றிலிருந்து துறைக்கு ஓடி, அடுத்த படகுக்குக் காத்திருந்து, மதகுக்கு வந்து சேர்ந்த அந்த ஒரு மணி பத்து நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் கரையைப் பார்த்தீர்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். மிதந்து வந்த ஒவ்வொரு பையும், ஒவ்வொரு துணியும் அவர்தான் என்று நினைத்து எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கத்தாமல் என்ன செய்வேன்? கட்டிப்பிடித்து அழத்தான் வந்தது. வாயைத் திறந்தால் கத்தல் வந்துவிட்டது.

அப்பா நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டு செய்கிறார். "ஃபேன் போட்டுக்கலாமாம்மா?" "பேப்பரை எடுத்துக்கட்டுமா?" "பாத்ரூம் யாராவது போறீங்களா, நான் போகட்டுமா?" முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பிடிவாதம் பிடிப்பாரோ என்று பயந்திருந்தேன். இப்போது அவர் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. நேற்று, "ஜன்னலைத் திறக்கலாமா?" என்றார். "உங்க இஷ்டம்ப்பா" என்றேன். திறக்கவில்லை.

உன் அத்தான் வழக்கம்போல எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களையும் பிரிண்ட் போட்டு வந்துவிட்டார். உங்களுடைய பங்கை இதனுடன் அனுப்புகிறேன். யாரும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரியான பயணமா அது?

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நிமோனியா விஷயம் சுருக்கென்று குத்தியது. அதற்கு நான் ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும், இந்தக் கடிதத்தில் முடியாது. இதில் வேறு ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அத்தான் பாதிக்கு மேல் புறாவைத்தான் எடுத்திருக்கிறார். ஒரு படத்தில் உன் சின்னவள் படகின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டுகிறாள். படகு கிளம்பி இரண்டு படகு நீளம் தள்ளி வந்துவிட்டது. அவள் சடைக்குப் பின்னால் படகுத்துறை தெரிகிறது. துறையில் நீலச் சட்டையில் ஓர் ஆள். நான் கடையில் துணியின் இழையை எண்ணுவதற்கு வைத்திருக்கிற கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அப்பாதான். கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கிறார். தவித்துப்போய் நிற்கவில்லை, அக்கா. சிரிக்கிறார். படத்தை இதில் வைத்திருக்கிறேன், பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

படகு அப்போதுதான் துறையை விட்டு விலகுகிறது. நீ எண்ணி முடித்த அடுத்த நொடி கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நடுவில் ஏறி இறங்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது? அவர் ஏறவே இல்லை.

நீ என்ன எண் சொன்னாய் என்று யோசித்துப் பார். எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏழு. சரி, போகலாம்."

நாம் எட்டு பேர்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இரண்டு நாளாக இதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாம் எங்கே கிளம்பினாலும் அப்பாதானே எண்ணுவார்? வாசலில் நின்று, லிஃப்ட்டில் ஆள் ஏற்றுகிற மாதிரி விரலை நீட்டி, "அஞ்சு, ஆறு, ஏழு, கதவைச் சாத்தலாம்" என்பார். எண்ணுகிறவர் தன்னை எண்ணமாட்டார். அம்மா இறந்த அதே வருஷம் வாண்டு பிறந்ததால் அந்த எண் மாறவும் இல்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, ரயில் எல்லாவற்றுக்கும் நாம் ஏழுதான். அன்றைக்கு முதல் தடவையாக நீ எண்ணினாய். நீ உன்னையும் சேர்த்து ஒழுங்காகத்தான் எண்ணினாய். ஏழு வந்தது. ஏழு வந்தால் சரி என்று நம் எல்லாருக்கும் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது.

நானும்தான் கேட்டேன். "ஏழு" என்று காதில் விழுந்ததும் நிம்மதியாக வாண்டுவின் தொப்பியைச் சரிசெய்யப் போய்விட்டேன். ஒரு படகு நிறைய நாம் இருந்தோம், ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

அவருக்கு மறதி இல்லை, அக்கா. அந்த வீட்டைக் காலி செய்ய நீ வைத்திருக்கிற ஒரே காரணம் அதுதான்.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

படம் தெளிவாக இல்லை. வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்திருக்கலாம். ஒரு புள்ளி அளவு முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று நீ எப்படிச் சொல்கிறாய்?

இருபத்திரண்டு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பியதில்லை.

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சாமான் கட்டப் போகிறேன். லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

இன்று தியேட்டரில் பஞ்சை மூன்று தடவை எண்ணினேன். டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 25, சனிக்கிழமை

தங்கைக்கு,

அப்பா வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே லாரி வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன் என்பதை வரிசையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன், முடியுமா என்று பார்ப்போம்.

காலையில் வந்தோம். சாவி என் பையில் இருந்தது. நான் கதவைத் திறந்தேன், அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். உள்ளே மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த இருட்டு. அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "லைட்டைப் போடலாமாம்மா?" என்றார்.

அவருடைய வீட்டில், அவர் கையால் ஒயரிங் செய்த லைட்டை.

நானே போய்ப் போட்டேன். அப்புறம் பையிலிருந்து உன் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். காட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கொண்டு வந்திருந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, நான்தான்" என்றார்.

"நீங்க ஏறவே இல்லையாப்பா?"

படத்தை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நான் எண்ணினது தப்பாப்பா?"

"தப்புன்னு எப்படிம்மா சொல்றது? நான் எண்ணுற மாதிரியேதான் நீ எண்ணினே. கரையில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏழுன்னே. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?"

"கொடுத்தா நீ படகைத் திருப்பச் சொல்லியிருப்பே. இவங்க எப்படியும் பார்த்துடுவாங்க, அரை மணியில வந்துடுவாங்கன்னு நினைச்சேன். அதுவரைக்கும் அந்த மதகை இன்னொரு தடவை பார்த்துடலாம்னு ஓர் ஆசை."

"அப்புறம்?"

"அரை மணி ஆச்சு. ஒரு மணி ஆச்சு." படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. "அப்புறம் அந்தம்மா டீ கொடுத்தாங்க."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நாலு மணி நேரம், தங்கை. கோபுரத்தில் இருநூற்றுப் பதினாறு படி ஏறினேன், ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டு ஏறினேன். அப்பா எங்கே என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. உன்னோடு இருக்கிறார், நல்லதாகப் போயிற்று, கொஞ்ச நேரம் நம் பொறுப்பு இல்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், உன்னிடம் எதற்குப் பொய்?

இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தெரியலை" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பைத்தியமாக அடித்தீர்களே, டாக்டரிடம் நேரம்கூட வாங்கிவிட்டேனே என்றேன்.

"நீ எண்ணுற வேலையில இருக்கே. உனக்குத் தப்பிடுச்சுன்னு உன் வீட்டுக்காரர் முன்னாடி, பிள்ளைங்க முன்னாடி நான் எப்படிம்மா சொல்லுவேன்? அதுக்கப்புறம் நீ தியேட்டருக்குள்ள எப்படிப் போவே?" என்றார். "எனக்கு மறதின்னா பரவாயில்லை. வயசாயிடுச்சு. ஒருத்தரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

நான் அழுததைப் பற்றி எழுதப் போவதில்லை. எப்போதும் போல அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், எழுந்து போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார்.

சொந்தக்காரருக்கு போன் செய்து, வீடு காலியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் வாங்கிய நேரத்தையும் வேண்டாம் என்று சொன்னேன். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருடைய போனையும் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ கிளம்பு, உனக்கு நேரமாகுது" என்றார். என்னை வெளியே அனுப்புவதில் அவருக்கு இருந்த அவசரத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் இன்னும் கிளம்பவில்லை. பல்சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். பயம் போகவில்லை. மறதி இல்லை என்றால் வயது குறைந்துவிடுமா? அவர் விழுந்தால் முதலில் ஓட வேண்டியவள் நான்தான். அதை நீயும் தெரிந்துகொள்.

அக்கா


ஏப்ரல் 29

என் அக்காவுக்கு,

கடையில் ஒரு அம்மா சோபா உறைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. "அந்தம்மா டீ கொடுத்தாங்க" என்கிற இடத்தில் நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்த அம்மா துணி வாங்காமலே போய்விட்டார்.

நீ கோபுரப்படி எண்ணினாய் என்று உன்னையே அடித்துக்கொள்ளாதே. நான் துணிக் கிடங்கில் முந்நூறு வருஷப் பழைய நெசவைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தேன். "இதை அப்பாகிட்ட காட்டணுமே" என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பெரிய வாயாடி மாதிரி உன்னைப் பேசினேனே, நீயாவது தேடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாய்.

நோயாளி என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தில் மாட்டேன் என்று எழுதியிருந்தேன், அதையும் சேர்த்துத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் யார் வந்ததும் விட்டது என்று அப்பாவிடம் நேற்று போனிலேயே கேட்டுவிட்டேன். "அவதான் எட்டு நாளா மருந்தும் ஊசியுமா விரட்டி வச்சிருந்தா, நீ வந்த அன்னிக்குப் போச்சு" என்கிறார். பார், உண்மை தெரிந்தே இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டில் என் புகழ் பாடியிருக்கிறார்! அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. குரல் கொடுக்காதது, உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றுக்கும் நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இனிமேல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வாரம் நான்கு நாள் அங்கே வருவேன். கடையை இவர் பார்த்துக்கொள்வார், அளவை மட்டும் எடுக்கமாட்டார். நான் இருக்கிற நாலு நாளும் நீ அப்பாவைப் பற்றி நினைக்கக் கூடாது. தூங்கு. அத்தானோடு சினிமாவுக்குப் போ. விழுந்தால் முதலில் ஓடுவது நீதான், எனக்குத் தெரியும். இரண்டாவதாக ஓடி வருகிறவள் ஒன்பதாம் நாள் வரமாட்டாள்.

தங்கை


மே 17

தங்கைக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பக்கத்தைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விடுவாய். ஜூன் இருபதாம் தேதி எல்லாரும் மறுபடியும் அந்தக் கால்வாய் நகரத்துக்குப் போகிறோம். அந்த வாரம் மதகைச் சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை முழுதும் வடிக்கிறார்களாம், தரை வரை இறங்கிப் பார்க்கலாமாம். மதகுக்கார அம்மா அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே சொன்னாராம், நாம் யாரும் அப்பாவைப் பேச விடவில்லை. அட்டவணை நான் போடவில்லை. ஒரு வாரமும் மதகுப் பக்கத்திலேயே உட்காருவது என்றாலும் சரி. நீ இந்த முறை வந்து போனதிலிருந்து அவர் தினமும் மதகைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஆனால் இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டும். இதை அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நேற்று டியூட்டி மதியத்தோடு முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவைப் பார்க்கப் போனேன். நாலாவது மாடியில் கதவு பூட்டியிருந்தது. பெல் அடித்தேன், தட்டினேன். போன் செய்தேன். கதவுக்கு உள்ளே, வழக்கமாக வைக்கிற அலமாரி மேல் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எதிர்வீட்டில் கேட்டேன், காலையிலேயே பையோடு லிஃப்ட்டில் இறங்கினார் என்றார்கள். எங்கே என்று தெரியவில்லை. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன், தங்கை. உனக்குப் போட்டிருப்பேன், அத்தானுக்குப் போட்டிருப்பேன், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கும் போட்டிருப்பேன். எந்த வார்டில் யாரைக் கேட்க வேண்டும் என்பதுவரை மனதில் வரிசையாக வந்துவிட்டது. சாவியை அவரிடம் கொடுத்தது என் புத்திகெட்டதனம் என்று நினைத்தேன். மறுபடியும் கூட்டிக்கொண்டு போய்விடலாம், இன்றைக்கே, லாரி வேண்டாம், ஒரு பெட்டி போதும் என்றும் நினைத்தேன்.

அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. ஒரு மனுஷன் வெளியே போயிருக்கிறார், வருவார், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் நெஞ்சு கேட்கிறதா? ஒவ்வொரு தடவை லிஃப்ட் கிளம்புகிற சத்தம் வந்தபோதும் எழுந்து நின்றேன். மூன்றாம் மாடிக்காரி வந்தாள், ஆறாம் மாடிக்குப் போகிற இரண்டு பேர் வந்தார்கள், "என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார்கள். "சும்மாதான்" என்றேன். யூனிபார்ம்கூட மாற்றாமல் போயிருந்தேன். பசித்தது. இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் லிஃப்ட் கதவு திறந்து அப்பா வந்தார். தலைமுடி வெட்டியிருந்தார். கையில் ஸ்டேஷனில் வாங்கிய ரயில் நேர அட்டை, பையில் ரொட்டி, ஒரு புது பல்பு. ஜூன் இருபதாம் தேதிக்கு நம் எல்லாருக்கும் டிக்கெட் போடப் போனாராம், ரிசர்வேஷன் வரிசை நீளமாக இருந்ததாம். என்னைப் படியில் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. திட்டு வாங்கப்போகிறோம் என்று நினைக்கிற முகம் அது. அதை நான்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

"எப்பம்மா வந்தே?" என்று கேட்டார்.

"இப்பத்தாம்ப்பா" என்றேன்.

அக்கா